கொமாண்டர் சிரிச்சாவாம்

"கொமாண்டர் சிரிச்சாவாம்!"

சனிக்கிழமை காலையில் ஐஸ் பக்டரி வாசலில் வைத்துப் பளீல் இந்தச் செய்தியைச் சொன்னபோது, ஷிப்லியின் கையிலிருந்த பிளேண்டித் தேத்தண்ணி நேராக அவன் சேட்டில் போய் ஊற்றிக்கொண்டது. அவனுக்குச் சூடே தெரியவில்லை.

"ஆரு சிரிச்ச?"

"கொமாண்டர்டா. வால்வெள்ளிக் கப்பல் கொமாண்டர். இத்தன நாளா ஒரு பல்லையும் காட்டாத மனிசி, இந்தக் கிழமை சிரிச்சிட்டாவாம்."

ஷிப்லி அதிர்ந்துபோனதற்குக் காரணம் இருந்தது. 'வால்வெள்ளிக் கப்பல்' என்ற அந்த விண்வெளித் தொடர்கதையை 'அண்டவெளியான்' என்ற புனைபெயரில், வெள்ளிக்கிழமை தோறும் ஜும்ஆவுக்குப் பிறகு பேஸ்புக்கில் எழுதிப் போடுகிறவனே அவன்தான். பளீலுக்கு அது தெரியாது. ஊரில் ஒருத்தருக்கும் தெரியாது. நேற்றுப் போட்ட அத்தியாயத்தில் கொமாண்டர் சிரிக்கவில்லை. சத்தியமாகச் சிரிக்கவில்லை. 'எல்லாரும் சிரித்தார்கள், கொமாண்டர் மட்டும் சிரிக்கவில்லை' என்று அவன் தன் கையாலேயே எழுதியிருந்தான்.

"பைலட்டப் பாத்துச் சிரிச்சாவாமா?" என்று மெல்லக் கேட்டான்.

கொமாண்டருக்கு ஒரு ஜோடி போடச் சொல்லி வாசகர்கள் கொஞ்ச நாளாகவே பிடுங்கி எடுத்தார்கள். அதிலும் கட்டாரில் இருந்து படிக்கிற பொடியன்கள் சும்மா விடவில்லை. 'கொமாண்டரும் மனிசிதானே, எத்தன நாளைக்கு எஞ்சினையே பாத்துக்கொண்டிருக்கிற?' என்று கேட்டார்கள். அதனால்தான் சுருட்டை முடிக்கார, ஆறு பாசை தெரிந்த பைலட் ஒருத்தனைக் கொண்டுவந்து கப்பலில் இறக்கியிருந்தான்.

"பைலட்டா? அவன்ட மூஞ்சி. சாமான் அறைக்காரனப் பாத்து!"

கப்பலின் சாமான் அறைக்காரன், கதவில் தலையை முட்டிக்கொள்வதற்காக மட்டும் கதையில் வருகிற ஓர் அப்பாவி. ஒரு பகிடிக்காக, ஷிப்லி தன்னையே நினைத்து எழுதிய ஆள். ஏனென்றால் இந்த ஐஸ் பக்டரியின் ஸ்டோர் கீப்பர் ஷிப்லிதான். ஸ்டோர் கதவு பதிவானது, குனிந்துதான் நுழையவேண்டும். ஷிப்லி நெட்டை.

பளீல் ஐஸ் உடைக்கும் மெசினை நிற்பாட்டிவிட்டுக் கிட்ட வந்தான். "எழுதுறவன் ஆரோ நம்மட ஊருக்காரன்தான். சாமான் அறைக்காரன் எண்டா நம்மட இடத்துல ஆரு? நீ. அப்ப கொமாண்டர் எண்டா ஆரு?"

கேட்டுவிட்டு மேல்மாடிக் கண்ணாடி யன்னலைக் கண்ணால் காட்டினான். அங்கே றுகையா மேடம் காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு, குளிர் அளக்கிற மீற்றரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அல்லாஹ்!" என்றான் ஷிப்லி.

றுகையா மேடம் எஞ்சினியர். சாய்ந்தமருதிலிருந்து நிந்தவூர் வரைக்கும் கடலுக்குப் போகிற போட்டுகளுக்கு ஐஸ் கொடுக்கிற அந்தப் பக்டரி, அவருடைய வாப்பா அதாவுல்லா ஹாஜியாருடையது. ஹாஜியாருக்குச் சீனி வருத்தம் கடுமையான பிறகு மகள்தான் எல்லாவற்றையும் பார்க்கிறார். பேச்சில் மகா சிக்கனம். சரி என்றால் "ம்". யோசிக்க வேண்டும் என்றால் "பாப்பம்". கோபம் வந்தால் அந்த இரண்டும் கிடையாது. அமோனியா கசிந்து எல்லாரும் வெளியே ஓடிய அன்று அந்த மனிசி ஒற்றை ஆளாய் உள்ளே போய் வால்வைப் பூட்டிவிட்டு வந்து, "ம்" என்றார். அன்று பின்னேரம்தான் ஷிப்லி வீட்டுக்குப் போய் வால்வெள்ளிக் கப்பலின் முதல் அத்தியாயத்தை எழுதினான்.

ஒளித்து என்ன, ஷிப்லிக்கு மேடத்தில் விருப்பம். அதை அவன் தனக்குத்தானே கூடச் சத்தமாகச் சொன்னதில்லை. சொல்லியும் பிரயோசனம் இல்லை. இந்த ஊரில் பொம்பிளைப் பக்கம்தான் வீட்டையும் கட்டி வைத்துக்கொண்டு, மாப்பிள்ளை கேட்டு வரவேண்டும். ஆம்பிளை வாயைத் திறக்கிற வழக்கம் இல்லை. ஐஸ் பக்டரிக்காரர் வீட்டிலிருந்து ஸ்டோர் கீப்பரின் வாசலுக்கு மாப்பிள்ளை கேட்டு ஆர் வரப்போகிறார்கள்? அதனால் மனிசன் விருப்பத்தைத் தூக்கி விண்வெளிக்கு அனுப்பியிருந்தான். இப்போது அது திரும்பி வந்து பக்டரி வாசலில் இறங்கியிருக்கிறது.

"நீ இதெல்லாத்தயும் எங்க வாசிச்ச?" என்று பளீலைக் கேட்டான்.

"எனக்கு வாசிக்கப் பஞ்சி. ஹாஜியார்தான் சொன்ன. ஐஸுக்கு நிக்கிற எல்லாருக்கும் சனிக்கிழமையில அவருதானே கதை சொல்ற."

ஹாஜியார் கேற்றுக்குப் பக்கத்தில், வேப்ப மர நிழலில், கதிரை போட்டு இருந்தார். கறுப்புக் கண்ணாடி. மடியில் பெரிய போன். சுற்றிவர ஐஸுக்கு வந்த போட்காரர்கள். ஷிப்லி கிட்டப் போவதற்கு முன்னமே, "ஆரு, ஷிப்லியா? உன்ட செருப்புச் சத்தத்துலயே விளங்கிட்டு, வா" என்றார்.

"ஹாஜியார், அந்த வால்வெள்ளிக் கதையில... கொமாண்டர் சிரிச்சாவா?"

"சிரிச்சா மகன்! சாமான் அறைக்காரன் கதவுல தலைய முட்டினான். எல்லாரும் சிரிச்சாங்க. கொமாண்டர் சிரிக்கல்ல. எல்லாரும் போன மறுகா, தனிய நிண்டு, அந்தக் கதவத் தடவிப் பாத்துச் சிரிச்சா. எப்பிடி எழுதியிரிக்கான் பாத்தியா?"

அப்படி யாரும் எழுதவில்லை என்று எழுதினவனுக்குத்தான் தெரியும்.

"பைலட்?"

"அவன் வாய்க்காரன். ஆறு பாசை கதைக்கிறானாம், ஒண்டுலயும் உருப்படியா ஒரு சொல்லு இல்ல."

"நீங்க வடிவா வாசிச்சீங்களா ஹாஜியார்?"

"வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு எனக்கு வேற என்ன வேலை?"

மனிசன் உப்புப் புளி போட்டுச் சொல்கிறார் என்று ஷிப்லி முடிவு கட்டினான். வயதுபோன ஆள், பொழுதும் போகவில்லை, கேட்கிறதற்கும் ஆள் இருக்கிறது. போகட்டும். ஆனால் ஊர் சும்மா இருக்குமா? ஒரு குமர்ப்பிள்ளையின் பெயர். அதுவும் மேடத்தின் பெயர். நினைத்தபோதே அவனுக்கு வியர்த்தது. ஐஸ் பக்டரிக்குள் வியர்த்த முதல் ஆள் அவனாகத்தான் இருக்கவேண்டும்.

அடுத்த வெள்ளிக்கிழமை அதற்கு மருந்து போட்டான். சாமான் அறைக்காரனுக்கு வயது ஐம்பத்தைந்து என்று எழுதினான். தலை முழு வழுக்கை. பூமியில் ஒரு பெண்சாதி, ஐந்து பிள்ளைகள், மூத்தவளுக்குக் கலியாணம் பேசுகிறார்கள். இனி எவனாவது வாயைத் திறக்கட்டும் பார்ப்போம் என்று நிம்மதியாகப் படுத்தான்.

சனிக்கிழமை காலை பளீல் ஓடி வந்தான்.

"அஞ்சு புள்ள எண்டது முழுப் பொய்யாம்!"

"என்ன?"

"பைலட் எரிச்சல்ல கட்டிவிட்ட கதையாம் அது. கொமாண்டருக்கு மனசு கேக்கல்ல. தானே போய்க் கப்பல் கொம்பியூட்டர்ல தட்டிப் பாத்தாவாம். ஆள் தனிக்கட்டையாம்! அப்பத்தான் கொமாண்டர்ட மூச்சு வந்திச்சாம்."

"தல... தலை வழுக்கை எண்டு போட்டிருந்திச்சே?"

"அது ஹெல்மெட்டுடா. கழட்டினா கனக்க மயிர் இரிக்காம்."

ஷிப்லி ஸ்டோருக்குள் ஓடினான். ஓடின வேகத்தில் கதவில் தலையை முட்டினான். வெளியே நின்ற போட்காரர்கள் எல்லாரும் ஒன்றாகச் சிரித்தார்கள். தற்செயலாக அவன் மேலே பார்த்தான். கண்ணாடி யன்னலில் மேடம் நின்றார். சிரிக்கவில்லை. அவன் பார்த்ததும் மீற்றர் பக்கம் கிறுகிவிட்டார்.

அன்று ஒரு போட்காரர் அவன் கையில் ஒரு முழுச் சூரை மீனைத் திணித்துவிட்டுப் போனார். "கொமாண்டர நல்லாப் பாத்துக்கொள்ளுங்க தம்பி" என்றார்.

இனிக் கொலைதான் வழி என்று ஷிப்லிக்குப் பட்டது.

வெள்ளிக்கிழமை கதவை மூடிக்கொண்டு சாமான் அறைக்காரனைக் கொன்றான். கப்பலின் வெளிக்கதவு பழுதாகி, சாமான் அறைக்காரன் விண்வெளிக்குள் இழுபட்டுப் போகிறான். கொமாண்டர் "ம்" என்று சொல்லிவிட்டுக் கதவைப் பூட்டுகிறார். தன்னையே கொல்லுவது அவ்வளவு லேசான காரியம் இல்லை. எழுதும்போது மனிசன் உண்மையாகவே அழுதான். அந்த "ம்" மட்டும் எழுதி எழுதி அழித்தான். கடைசியில் உம்மா கதவைத் தட்டி, "மூக்கு ஒழுகுதே, தடிமனா மகன்? கொத்தமல்லி அவிச்சுத் தரட்டா?" என்று கேட்டார்.

சனிக்கிழமை பக்டரி வாசலில் ஒரே கைதட்டல். ஐஸ் ஏற்றின லொறியின் மேலே ஏறி நின்று பளீல் கூக்குரல் போட்டான்.

"பாய்ஞ்சிட்டாவாம்! கொமாண்டர் பாய்ஞ்சிட்டாவாம்!"

"எங்க?" என்று ஷிப்லி அலறினான்.

"விண்வெளிக்குள்ளதான்! இடுப்புல கயித்தக் கட்டிக்கொண்டு பாய்ஞ்சு, சாமான் அறைக்காரன்ட கால எட்டிப் புடிச்சு இழுத்துப் போட்டாவாம். மயக்கம் தெளியிற வரைக்கும் பக்கத்துலயே இருந்தாவாம். பைலட் வந்து கதவத் தட்ட, 'வெளிய நில்லு' எண்டு சொன்னாவாம்!"

ஹாஜியார் தன் கதிரையில் லேஞ்சியால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் நின்ற ஒரு முரட்டுப் போட்காரரும் கண்ணைத் துடைத்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் மேலேயிருந்து கூப்பிட்டார்கள். மேடம் வரச் சொல்கிறாராம்.

ஷிப்லி படியேறினான். மேடம் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"ஷிப்லி."

"மேடம்."

"ஸ்டோர்ல கயிறு இரிக்கா?"

ஷிப்லிக்கு உலகம் ஒருமுறை நின்று சுற்றியது. "எ... என்ன கயிறு மேடம்?"

"பலமான கயிறு. ஒரு ஆள் பாரம் தாங்குற மாதிரி."

"இரிக்கு மேடம்."

"ம்" என்றார் மேடம். அவ்வளவுதான்.

அவன் கீழே இறங்கி, ஸ்டோருக்குள் போய், கயிற்றுச் சுருளுக்கு மேலேயே உட்கார்ந்துவிட்டான். மேடத்துக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. கயிறு எதற்கு? அவனைக் கட்டி வைத்து உரிப்பதற்குத்தான். அதில் அவனுக்குச் சந்தேகமே வரவில்லை.

வீட்டுக்குப் போனால் அங்கே உம்மா கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு இருந்தார்.

"கடைக்குப் போன இடத்துல ஒருத்தி கேக்கிறாள் மகன். ஹாஜியார்ட மகளும் உன்ட மகனும் எந்தக் கப்பல்ல போறாங்க எண்டு. என்னடா இது? நீ எப்ப கப்பல்ல போன?"

"அது சும்மா கதை உம்மா."

"உனக்குச் சும்மா. நீ ஆம்பிளை, நாளைக்கு இன்னொரு இடத்துல வேலை எடுப்பாய். அந்தப் புள்ளைக்கு? ஊர் இப்பிடிக் கதைச்சா அதுக்கு ஒரு நல்ல இடம் பொருந்துமா? தாய் இல்லாத புள்ளடா அது."

ஷிப்லிக்கு அன்று சோறு இறங்கவில்லை. சூரை மீன் ஆணம் அப்படியே கிடந்தது. தன் ஆசையால் ஒரு பிள்ளையின் வாழ்க்கை நாசமாகிறதே என்று நெஞ்சு எரிந்தது. கதையையும் முடிக்கவேண்டும், வேலையையும் விடவேண்டும், வேறு வழியில்லை.

வியாழக்கிழமை மேடத்தின் மேசைக்கு முன்னால் போய் நின்றான்.

"மேடம், நான் வேலைய விடப்போறன்."

மேடத்தின் காதிலிருந்த பென்சில் கீழே விழுந்தது. அது விழுந்து ஷிப்லி ஒருநாளும் பார்த்ததில்லை. அமோனியா கசிந்த அன்றுகூட அது விழவில்லை.

"ஏன்?"

"வீட்டுல... சோலி மேடம்."

"எப்ப?"

"இந்த மாசக் கடைசியோட."

மேடம் மீற்றரை நீண்ட நேரம் பார்த்தார். அதில் முள் அசையவே இல்லை. பிறகு, "பாப்பம்" என்றார். குரல் வழமையைவிடக் கொஞ்சம் மெல்லிசாக இருந்தது. கோபமாக்கும் என்று நினைத்துக்கொண்டு ஷிப்லி படியிறங்கினான்.

வெள்ளிக்கிழமை கடைசி அத்தியாயத்தைப் போட்டான். கொமாண்டர் தனக்குக் கலியாணமே வேண்டாம் என்று சத்தியம் செய்கிறார். பைலட்டையும் மற்ற எல்லாரையும் பூமிக்கு அனுப்பிவிட்டு, ஒற்றை ஆளாய்க் கப்பலை ஓட்டிக்கொண்டு இருட்டுக்குள் போகிறார். முற்றும். எழுதி முடித்ததும், பெற்ற பிள்ளையைப் பஸ் ஏற்றிவிட்டவன் மாதிரி வாசலில் போய் நின்றான்.

சனிக்கிழமை வேலைக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லிவிட்டான். போனையும் நிற்பாட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுதுவிட்டு வந்து யன்னலால் எட்டிப் பார்த்தான். வாசலில் ஒரு வான் நின்றது. அதிலிருந்து ஹாஜியாரின் தம்பி இறங்கினார். மீசைக்காரர். பிறகு இரண்டு பெரிய பொம்பிளைகள். கடைசியாக ஹாஜியார். அவரின் கையைப் பிடித்து இறக்கினவர், ஹாஜியார் வீட்டில் கனகாலமாகச் சமைக்கிற பாண்டிருப்புக் கனகேஸ்வரி அக்கா.

"அடிக்க ஆளோட வந்திட்டாங்க!" என்று ஷிப்லி பாத்ரூமுக்குள் பாய்ந்து கொண்டியைப் போட்டான்.

கொஞ்ச நேரத்தில் உம்மா வந்து கதவில் அறைந்தார். "வெளிய வாடா! மானம் போகுது!"

"கயிறு கொண்டு வந்திரிக்காங்களா உம்மா?"

"கயிறா? விசரா உனக்கு? வட்டிலப்பம் கொண்டு வந்திரிக்காங்க!"

ஷிப்லி கொண்டியைக் கழற்றினான். நடு வீட்டில் மூன்று தட்டுகள் இருந்தன. மூடியிருந்த துணியை உம்மா தூக்கிக் காட்டினார். வட்டிலப்பம், மஸ்கட் என்று இரண்டு இனிப்பு, ஒரு முழுச் சீப்பு வாழைப்பழம். பொம்பிளை வீட்டார் இந்த மூன்றையும் சுமந்துகொண்டு ஓர் ஆம்பிளைப் பிள்ளையின் வீட்டுக்கு வந்தால் இந்த ஊரில் அதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான் உண்டு. உம்மா துணியை விட்டுவிட்டு அப்படியே நிலத்தில் குந்திவிட்டார்.

"வா மகன்" என்றார் ஹாஜியார். "கதைய இப்பிடி முடிச்சிட்டியேடா."

"ஹாஜியார்... எழுதுறது நானெண்டு உங்களுக்கு..."

"நம்மட கொம்பிறசர் பழுதான கிழமை கப்பல்லயும் கொம்பிறசர் பழுதாகுது. நம்மட பெல்ட்டு அறுந்தா அங்கயும் அறுகுது. பின்ன அமெரிக்காவுல இரிக்கிறவனா எழுதுவான்? அத விடு. கடைசியில கொமாண்டர் சொன்னாவே ஒரு சொல்லு, அதக் கேட்டு நான் ரெண்டு ராவா நித்திர கொள்ளல்ல."

"என்ன சொன்னா?"

ஹாஜியார் தொண்டையைச் செருமினார். "'ஆயிரம் பேருக்குக் கட்டளை போட எனக்கு ஏலும். இந்த ஒண்ட மட்டும் என்ட வாயால கேக்க ஏலாது. என்ட ஊருல பொம்புளப் பக்கம்தான் மாப்பிள்ளை கேட்டுப் போகணும். எனக்காகப் போய்க் கேக்க ஒரு வாப்பா இல்லையே' எண்டு கண்ணீர் விட்டா மகன். கொமாண்டருக்கு வாப்பா இல்ல. என்ட புள்ளைக்கு நான் உசிரோட இரிக்கன்தானே எண்டு இண்டைக்கு வெளிக்கிட்டன்."

ஷிப்லிக்கு மயிர்க்கூச்செறிந்தது. "வல்லாஹி, ஹாஜியார், நான் அப்பிடி ஒரு சொல்லும் எழுதல்ல! கலியாணமே வேணாமெண்டு தனியப் போறா, அவ்வளவுதான் எழுதின. சிரிச்சதும் நான் எழுதல்ல, கயிறு கட்டிப் பாய்ஞ்சதும் எழுதல்ல. எல்லாம் நீங்களாக் கூட்டிச் சொல்றது!"

"நானா?" ஹாஜியாருக்கு முகம் சிவந்தது. "ஹஜ்ஜுக்குப் போய் வந்த மனிசன் நான். ஒரு சொல்லுக் கூட்டவும் மாட்டன், குறைக்கவும் மாட்டன். கேட்டத கேட்ட மாதிரித்தான் சொல்ற ஆள்!"

"சரி, சரி" என்று தம்பிக்காரர் நடுவில் விழுந்தார். "இப்ப கதையா முக்கியம்?"

"மேடத்துக்கு இது தெரியுமா?" என்று ஷிப்லி கேட்டான்.

"காலையில கேட்டன். 'பாப்பம்' எண்டா. விருப்பம் இல்லாட்டி வேணாமெண்டு நேரா சொல்ற புள்ள அவ."

உம்மா எப்படியோ எழும்பித் தேத்தண்ணி கொண்டுவந்து நீட்டினார். ஹாஜியார் கையை நீட்டினார். கை கோப்பைக்கு ஒரு சாண் தள்ளி, வெறும் காற்றைத் தடவியது. கனகேஸ்வரி அக்கா ஒன்றுமே நடக்காத மாதிரி அந்தக் கையைப் பிடித்துக் கோப்பையில் வைத்துவிட்டார்.

ஷிப்லி அதைப் பார்த்தபடி குசினி வாசலிலேயே நின்றான். வெறும் தட்டை எடுக்கிற சாட்டில் கனகேஸ்வரி அக்கா அவன் பக்கத்தில் வந்தார்.

"சத்தத்த உசத்திக் கதைக்காதீங்க தம்பி, பாவம் மனிசன்" என்றார் மெல்ல. "அவருக்குக் கண் தெரியாமப் போய்க் கனகாலம், போட்காரருக்குத் தெரிஞ்சா மதிக்க மாட்டாங்க எண்டு வெளிய சொல்லாம இருக்காங்க. வெள்ளிக்கிழமையில உங்கட கதைய அவருக்கு வாசிச்சுக் காட்டுறது நம்மட மேடம்தான்."